மாரி ஓயும் முன்னே நாற்று, கச்சான் காற்று எழும் முன்னே அறுவடை

கேள்வி: ஐயா, மட்டக்களப்பு செட்டிபாளையத்தில் கடற்கரைப் பக்கமாக எங்களுக்கு 60 பேர்ச் (160 பேர்ச் ஓர் ஏக்கர்) காணி இருக்கிறது. மணல் நிலம். ஒரு கிணறும் ஒரு சின்னத் தண்ணீர் மோட்டரும் உண்டு. கணவர் கட்டாரில் இருக்கிறார், நானும் மாமியும்தான் தோட்டம் பார்க்கிறோம். இந்தியாவில் இருந்து வரும் விவசாய வீடியோக்களை நான் விடாமல் பார்ப்பேன். குளிர்காலக் கடைசியில் பொலித்தீனால் மூடி நாற்றுப் போட்டு, பெப்ரவரி முடிவில் நடச் சொல்கிறார்கள். அதைப் பார்த்து டிசம்பர் முதல் கிழமை மிளகாயும் தக்காளியும் நாற்றுப் போட்டு மூடி வைத்தேன். முளைத்து ஒரு கிழமைக்குள் எல்லாம் சாய்ந்து அழுகிவிட்டது. திரும்பப் போடலாமா, காலம் பிந்திவிட்டதா? பாதிக் காணியில் மிளகாய் வைக்க நினைத்திருக்கிறேன். போன வருடம் வைகாசியில் கிணறு உவர்த்து இலை ஓரமெல்லாம் கருகியது. சீட்டுக் காசு 50,000 ரூபாய் கையில் இருக்கிறது. இந்திய விதை கொண்டுவந்து தருவதாக ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

காலம் பிந்தவில்லை. உங்கள் கடிதத்தில் அந்தப் பயம்தான் பெரிதாகத் தெரிகிறது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது மார்கழி நடு. இந்தக் கிழமை நாற்றுப் போட்டால் தை நடுப்பகுதிக்குப் பிறகு நடலாம். வாவிக்குக் கிழக்கே கடல் பக்கமாக இருக்கும் நம் எழுவான்கரை மணலுக்கு அது நல்ல காலம். ஆனால் பாதிக் காணியில் மிளகாய் என்பதை இந்த வருடம் விட்டுவிடுங்கள். காரணத்தைக் கீழே கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் அந்த வீடியோக்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் ஊருக்குச் சரியானதைத்தான் சொல்கிறார்கள். உத்தரப் பிரதேசம், பீகார் பக்கம் ஜனவரி இரவில் வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே போகும். பூசணி, பாகல், வெள்ளரி போன்ற கொடிப் பயிர்களின் விதை அந்தக் குளிரில் மண்ணுக்குள்ளேயே கிடந்து அழுகிவிடும். அதனால்தான் சின்னப் பைகளில் விதை போட்டு, பொலித்தீன் கூடாரத்துக்குள் சூடாக வைத்து, குளிர் விலகும் பெப்ரவரிக் கடைசியில் எடுத்து நடுகிறார்கள். மார்ச் முதல் ஜூன் வரை அங்கே ஒரு கோடைப் பயிர்க்காலம், ‘ஜைத்’ என்பார்கள். அதற்கு முந்திக்கொண்டு சந்தைக்குப் போனால் நல்ல விலை. அந்த மூடி முழுக்கவும் குளிருக்காகத்தான்.

நமக்கு மார்கழியிலும் இரவு வெப்பநிலை 22, 23 பாகைக்குக் கீழே போவது அருமை. எந்த மரக்கறி விதையும் முளைக்க அது போதும். நம்முடைய பிரச்சினை மழை. மழையில் நனைந்த மேடையைச் சுற்றிவர பொலித்தீனால் மூடினால், வெயில் எறிக்கும் ஒரு மணித்தியாலத்தில் உள்ளே 40 பாகையைத் தாண்டும். ஈரம் வெளியே போக வழியில்லை. மண்ணில் இருக்கும் பங்கசுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? சாய்ந்த நாற்று ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். இலை பச்சையாகவே இருக்கும், மண்மட்டத்தில் தண்டு மட்டும் நூல் போலச் சுருங்கிக் கறுத்திருக்கும். நாற்றழுகல் என்பது அதுதான். உங்கள் விதையில் பிழை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டுக்காரர் சொல்லும் தைப்பட்டம், அதாவது தை மாத விதைப்புக் காலம், வட இந்தியக் கணக்கைவிட நமக்குக் கிட்ட. அவர்களுக்கும் வடகீழ்ப் பருவமழைதான். ஆனால் அதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. சென்னைப் பக்கம் ஜனவரியில் மழை சொற்பம், டிசம்பரோடு மாரி முடிந்த மாதிரி. மட்டக்களப்பில் ஜனவரியும் மாரிதான். சில வருடம் பெப்ரவரியிலும் திரும்பி வரும். 2011இல் ஜனவரி வெள்ளம் வடிந்து சனம் மூச்சு விடும் முன்னே பெப்ரவரி தொடக்கத்தில் இரண்டாவது வெள்ளம் வந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். ஆகவே தைப்பட்டம் என்று ஒருவர் சொன்னால் அவருடைய தேதிக்கு மேலே இரண்டு மூன்று கிழமை கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், எல்லாவற்றையும் ஒரே நாளில் நட வேண்டாம்.

நம் பக்கத்துத் தோட்டக்காலத்துக்கு இரண்டு எல்லை. முன்னே மழை ஓய வேண்டும், பின்னே தென்மேற்கில் இருந்து காய்ந்து அடிக்கும் கச்சான் காற்று எழும் முன் முடிக்க வேண்டும். உங்களுக்கு உவரும் இருப்பதால் பின்பக்க எல்லை இன்னும் கிட்ட வருகிறது. போன வருடம் வைகாசியில் உவர்த்தது என்றால் மே நடுப்பகுதி என்று வைத்துக்கொள்வோம். அதுதான் உங்கள் கடைசி நாள். அதில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பெரும்பங்கு அறுவடை அதற்கு முன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

மிளகாயை அந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். இன்று விதைத்தால் நாற்று 35 நாள், பெப்ரவரி முதல் கிழமை நடுகை. பச்சை மிளகாய் பிடுங்கத் தொடங்க மேலும் 70, 75 நாள், அதாவது ஏப்ரல் நடுப்பகுதி. உவர் வருவது மே நடுப்பகுதி. மிஞ்சுவது ஒரு மாதம். மிளகாய் முதல் இரண்டு பிடுங்கலில் காசு தருகிற பயிர் இல்லை. நின்று நாலைந்து மாதம் காய்த்தால்தான் செலவு போக ஏதாவது மிஞ்சும். அதோடு உப்புத் தண்ணீருக்கு முதலில் முறிகிற பயிர்களில் அதுவும் ஒன்று. மிளகாய், வெங்காயம், போஞ்சி மூன்றும் உவர் தாங்காது. தக்காளி அவற்றைவிடக் கொஞ்சம் தாங்கும், கௌபி அதையும்விட நன்றாகத் தாங்கும். வெயில் ஏறினால் மிளகாய்க்கு பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் சேர்ந்து இலையைச் சுருட்டும், மருந்துச் செலவும் கூடும். களுதாவளை, தேற்றாத்தீவுப் பக்கம் நல்ல மிளகாய்த் தோட்டங்களைப் பார்த்து உங்களுக்கு ஆசை வந்திருக்கும். நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிற காணிக்கு அது சரி. உங்கள் காணிக்கு 3 பேர்ச் போதும், வீட்டுக்கும் கொஞ்சம் கடைக்கும். இதில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அந்தச் சீட்டுக் காசு. அது போனால் உங்களுக்குத் திரும்பச் சேர்க்க எவ்வளவு காலம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும்.

தக்காளி இதற்கு எதிர்ப்பக்கம். அது முந்த வேண்டிய பயிர். இரவுச் சூடு கூடினால் தக்காளிப் பூ காயாகாமல் கொட்டிவிடும். நமக்கு இரவு கொஞ்சமாவது குளிர்ச்சியாக இருப்பது ஜனவரி, பெப்ரவரியில்தான், பங்குனி வந்தால் முடிந்தது. அதனால் தக்காளி நாற்று இந்தக் கிழமையே விழ வேண்டும். 25 நாளில் நட்டால் பெப்ரவரிக் கடைசியில் பூக்கும், ஏப்ரல் தொடக்கத்தில் பழம் வரத் தொடங்கும். பெப்ரவரி நடுப்பகுதிக்குப் பிறகு யாராவது தக்காளி நாற்றுச் சும்மா தந்தாலும் வாங்கி நடாதீர்கள்.

சரி, இனி நாற்றுமேடை. காணியில் தண்ணீர் நிற்காத மேட்டுப் பக்கமாக, 3 அடி அகலம், 10 அடி நீளத்தில் ஒரு மேடை. தக்காளிக்கும் கத்தரிக்கும் பாதி பாதியாக அது தாராளம். பக்கத்தில் சின்னதாக இன்னொன்று மிளகாய்க்கு. மழைக்காலம் என்பதால் உயரம் முக்கால் அடியாவது வேண்டும். மணலோடு உக்கிய மாட்டெருவும் மேல்மண்ணும் சமபங்கு கலந்துகொள்ளுங்கள். பழைய மேடை இருந்த இடத்திலேயே போட வேண்டாம், அந்த மண்ணில் நோய் இருக்கிறது.

புது மண்ணையும் சுட்டுத்தான் எடுக்க வேண்டும். கோடையில் என்றால் பொலித்தீன் விரித்து வெயிலாலேயே மண்ணைச் சூடாக்கலாம், மார்கழியில் அந்த வெயிலை நம்ப முடியாது. மேடையைக் கொஞ்சம் நனைத்துவிட்டு, இரண்டு அங்குலத்துக்கு வைக்கோல், அதன் மேல் இரண்டு அங்குலத்துக்கு உமி, திரும்ப வைக்கோல், திரும்ப உமி என்று அடுக்குங்கள். காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறதென்று பாருங்கள். அது போய்ச் சேரும் பக்கத்தில் நெருப்பு வையுங்கள். அப்போதுதான் நெருப்பு காற்றுக்கு எதிராக மெல்ல மெல்ல நகர்ந்து சூட்டை மண்ணுக்குள் இறக்கும். காற்று வரும் பக்கத்தில் வைத்தால் வைக்கோல் பக்கென்று எரிந்து முடியும், மண் குளிராகவே கிடக்கும். உமி சாம்பலாகி ஆறியதும் சாம்பலை மண்ணோடு லேசாகக் கிளறி, அடுத்த நாள் விதைக்கலாம். வரிக்கு வரி 4 அங்குலம், விதை அரை அங்குல ஆழம். முளைத்த பிறகு அங்குலத்துக்கு ஒன்றாகக் கலைத்துவிடுங்கள். நெருக்கமாக விட்டால் உள்ளே காற்று ஓடாது, திரும்பவும் அழுகும்.

மேலே கூரை. ஒரு பக்கம் 4 அடி, மறுபக்கம் 3 அடி உயரத்தில் கம்பு நட்டு, தெளிவான பொலித்தீனை மேலே மட்டும் கட்டுங்கள். நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். வாடைக்காற்றோடு சாரல் அடிக்கும் வடகிழக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கிடுகைச் சாய்த்து வைக்கலாம், வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். தண்ணீர் காலையில் ஒரு முறை, அதுவும் மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும். பின்னேரம் ஊற்றி இரவு முழுக்க ஈரமாக விடுவதுதான் பலரும் செய்கிறது. மாமி பழக்கத்தில் பின்னேரம் வாளியைத் தூக்கினால் அன்பாகச் சொல்லி நிறுத்துங்கள். நடுவதற்கு ஒரு கிழமைக்கு முன் இருந்து கூரையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, தண்ணீரையும் குறைத்து நாற்றை முறுக்கேற்றுங்கள். கத்தரி நாற்றுக்கு 30 நாள் ஆகும். தண்டு தடித்து, கட்டையாக, ஐந்தாறு இலையோடு இருப்பதுதான் நல்ல நாற்று. நெடுநெடுவென்று வெளிறி வளர்ந்ததை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது எவ்வளவு நடுவது. கையில் இருக்கிற காணியைப் பார்த்து முடிவெடுத்துவிட்டு வைகாசியில் தண்ணீர் இல்லாமல் தவிப்பதைத்தான் நான் ஊர் ஊராகக் காண்கிறேன். தையில் எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும், அதை நம்பாதீர்கள். வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் அளவு தண்ணீர் பயிருக்கு வேண்டும். அது ஒரு பேர்ச்சுக்கு ஏறக்குறைய 125 லீற்றர். வைக்கோல், இலை போன்றவற்றால் மண்ணை மூடி மூடாக்குப் போட்டு அடியில் மட்டும் ஊற்றினால் 100 லீற்றரில் சமாளிக்கலாம். இப்போது 200 லீற்றர் பரல் ஒன்றை வைத்து, உங்கள் மோட்டர் அதை நிரப்ப எத்தனை நிமிடம் எடுக்கிறதென்று பாருங்கள். போன வருடம் சித்திரை, வைகாசியில் காலையும் மாலையும் எத்தனை நிமிடம் இறைக்க முடிந்தது என்று மாமியோடு இருந்து நினைவுபடுத்துங்கள். ஒரு நிமிடத்தில் பரல் நிரம்புகிறது, காலை 10 நிமிடமும் மாலை 10 நிமிடமும் ஓடியது என்றால் 20 பரல், 4000 லீற்றர். அது 40 பேர்ச்சுக்குத்தான் காணும், அதுவும் மூடாக்கோடு. உங்கள் கணக்கு வேறாக வந்தால் கீழே நான் சொல்லும் அளவுகளையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

40 பேர்ச்சுக்குத் தண்ணீர் உண்டு என்று வைத்து, நான் 35க்குத் திட்டமிடுவேன். 10 பேர்ச் கத்தரி, 3 அடிக்கு 2 அடி இடைவெளியில் 450 கன்று அளவில் வரும். 6 பேர்ச் தக்காளி, இரண்டரை அடிக்கு ஒன்றரை அடி, அதுவும் கிட்டத்தட்ட அதே தொகை. 6 பேர்ச் வெண்டி, 5 பேர்ச் பயற்றை, 5 பேர்ச் பந்தலில் புடோலும் பாகலும், அந்த 3 பேர்ச் மிளகாய். இவை போக 15 பேர்ச்சில் பூசணியும் வத்தகையும். இவை இரண்டும் தையில் விதைத்தால் சித்திரை முடிவதற்குள் நிலத்தை விட்டுப் போய்விடும், தண்ணீர் தட்டுப்படும் நேரத்தில் உங்களிடம் பங்கு கேட்காது. மிச்சம் பாதையும் நாற்றுமேடையும். பாத்தி ஓரங்களில் கீரை விதையுங்கள். 25 நாளில் கைக்கு வரும் சில்லறைக் காசு அதுதான், ஜனவரியில் உங்களுக்கு அது உதவும்.

வெண்டியையும் பயற்றையையும் நேரடியாகவே விதைக்கலாம், நாற்றுத் தேவையில்லை. வெண்டி 45 முதல் 50 நாளில் முதல் காய் தரும், பயற்றையும் ஏறத்தாழ அப்படித்தான். மூன்று பங்காகப் பிரியுங்கள். பொங்கல் முடிந்து மழை இரண்டு மூன்று நாள் விட்டதும் முதல் பங்கு. அடுத்தது ஜனவரிக் கடைசியில். மூன்றாவது பெப்ரவரி 20க்குப் பிந்தக் கூடாது. மழை திரும்பி வந்து முதல் பங்கு போனால் போவது மூன்றில் ஒன்றுதான். இன்னொரு காரணம் விலை. பொங்கல் முடிந்ததும் ஊரே ஒன்றாக நடுகிறது, ஊரே ஒன்றாக அறுக்கிறது. பங்குனிக் கடைசியில் கத்தரியும் வெண்டியும் குவிந்து, வியாபாரி சொல்வதே விலையாகிவிடும். தம்புள்ளை மொத்தச் சந்தையில் விலை விழுந்தால் நமக்கும் விழும், அதை நாம் மாற்ற முடியாது. ஆனால் நமது காய் எந்தக் கிழமை சந்தைக்குப் போகிறது என்பது நம் கையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய இரண்டு கிழமையும், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு மச்சம் விலக்கும் நாட்களும் உங்கள் பக்கம் மரக்கறிக்கு நல்ல நாட்கள். அந்த இரண்டுக்கும் கையில் காய் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வத்தகையை நோன்புக்கு விற்கலாம் என்று யாராவது சொன்னால், இந்த ஆண்டுகளில் நோன்பு பெப்ரவரி, மார்ச்சில் வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். இப்போது விதைத்த வத்தகை அதற்கு எட்டாது. ஏப்ரல் வெயிலுக்குத்தான் வரும், அதுவும் நல்ல சந்தைதான்.

இந்தியாவில் இருந்து நீங்கள் எடுக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. அது அந்தப் பொலித்தீன் வீடியோவில் இல்லை. கங்கை, யமுனை ஆறுகளில் வெள்ளம் வடிந்ததும் ஆற்றுப்படுகை வெறும் மணலாகக் கிடக்கும். நிலமில்லாத ஏழை விவசாயிகள் அந்த மணலில் குழியும் நீள வாய்க்காலும் வெட்டி, எருவை நிரப்பி, பூசணி, பாகல், வத்தகை, வெள்ளரி எல்லாம் விளைவித்துவிடுகிறார்கள். மணல் முழுவதையும் திருத்த அவர்கள் போவதில்லை. வேர் நிற்கிற இடத்தை மட்டும் திருத்துகிறார்கள். உங்கள் காணிக்கு அப்படியே பொருந்தும் முறை இது. காணி முழுக்க எரு தூவினால் நம் மணலில் ஒரு மாரியோடு கழுவிப் போய்விடும். கத்தரிக்கும் தக்காளிக்கும் கன்றுக்கு ஓர் அடி அகல ஆழத்தில் குழி, பாதிக்கு உக்கிய எருவும் மேல்மண்ணும். பூசணிக்கு 8 அடிக்கு ஒன்றாக ஒன்றரை அடிக் குழி, குழிக்கு ஒரு வாளி எரு. குழியை நடுவதற்குப் பத்து நாள் முன்பே வெட்டி நிரப்பி விடுங்கள். கோழி எரு கிடைத்தால் நன்றாக உக்கிய பிறகே போடுங்கள், அதுவும் அளவாக. அதிலும் உப்பு இருக்கிறது, உங்களுக்கு ஏற்கெனவே உப்புப் பிரச்சினை. யூரியாவை ஒரே முறையில் அள்ளிப் போடாமல் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை சிறிது சிறிதாகப் போடுங்கள். மணல் அதைப் பிடித்து வைக்காது.

மூடாக்குக்குக் காசு செலவழிக்க வேண்டாம். மாசி, பங்குனியில் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பெரும்போக நெல் அறுவடை நடக்கும், வைக்கோல் கிடைக்கும். ஒரு லாண்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்) வைக்கோலை இப்போதே யாரிடமாவது சொல்லி வையுங்கள். அது வரும் வரை தென்னோலையும் வேலிக் கிளிசிரியா மரத்து இலையும் போதும்.

கிணற்றைப் பற்றி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். உங்கள் கிணற்றில் இருப்பது மழைநீர். அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேலே அது மிதந்துகொண்டிருக்கிறது. ஒரேயடியாக இறைத்தால் மேலே உள்ள நல்ல தண்ணீர் குறைய, அடியில் இருந்து உப்பு எழும்பி வரும். அதனால் விடியக் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் என்று பிரித்து இறையுங்கள். மோட்டரின் உறிஞ்சு குழாயை அடிமட்டத்தில் விடாமல், தண்ணீரின் மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற மாதிரி ஒரு வெற்றுக் கலனில் கட்டி மிதக்க விடுங்கள். கிணற்றை ஆழமாக்கச் சொல்லி யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் இடத்தில் ஆழம் போனால் உப்புத்தான் கிட்ட வரும். உவர்க்கத் தொடங்கிய பிறகு தண்ணீரை இலையில் தெளிக்காதீர்கள், அடியில் மட்டும் ஊற்றுங்கள். இலை ஓரம் கருகியதில் பாதி அப்படி வந்ததாக இருக்கலாம்.

கச்சான் காற்றுக்கு மேற்கு, தென்மேற்கு எல்லையில் இரண்டு வரி சோளம் ஜனவரியிலேயே விதையுங்கள். கதிரை முறித்த பிறகும் தட்டையை வெட்ட வேண்டாம், காற்று எழும்போது அது நிற்கட்டும். நிரந்தரமாக வேண்டுமென்றால் இந்த மழையோடு கிளிசிரியாக் கம்புகளை வேலியில் ஊன்றிவிடுங்கள். அடுத்த வருடம் மறைப்பும் ஆகும், பசளையும் ஆகும்.

இந்திய விதை வாங்க வேண்டாம். அனுமதியில்லாமல் விதை கொண்டுவருவது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு எதிரானது, பயணப் பையில் வந்தாலும் அப்படித்தான். சட்டத்தை விடுங்கள், விதையோடு வரும் வைரசையும் பக்டீரியாவையும் உங்கள் மணலில் இருந்து பிறகு எடுக்கவே முடியாது. நம் விவசாயத் திணைக்களத்தின் இனங்களே உங்களுக்குக் காணும். கத்தரியில் படகொட வாடலைத் தாங்கும். தக்காளியில் கே.டபிள்யூ.ஆர். வாடலுக்கென்றே வந்தது. வெண்டியில் ஹரித கிடைத்தால் அதை எடுங்கள், நரம்பு மஞ்சள் வைரசை எம்.ஐ.5 என்ற இனத்தை விட நன்றாகத் தாங்கும். களுவாஞ்சிக்குடிப் பக்கம் உங்கள் பிரிவுக்கான விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள், எது இப்போது கையிருப்பில் இருக்கிறதென்று அவருக்குத் தெரியும்.

நோய்களில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் காசு வீணாகப் போகிறது. தக்காளியோ கத்தரியோ பச்சையாக இருக்கும்போதே ஒரு கன்று திடீரென்று வாடினால் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். தண்டின் அடிப்பகுதியில் இரண்டு அங்குலத் துண்டை வெட்டி, கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டு முனை தண்ணீரில் தொட்டுக்கொண்டிருக்கும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டிய இடத்தில் இருந்து பால் மாதிரி மெல்லிய இழை இறங்கினால் அது பக்டீரியா வாடல். அதற்குத் தெளிக்க மருந்து கிடையாது. கன்றை மண்ணோடு தோண்டி எடுத்து எரித்துவிட்டு, அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதையும் வைக்காமல் பயற்றையோ சோளமோ போடுங்கள். இழை இறங்கவில்லை, வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கிறது என்றால் வட்டப்புழு. மணலில் அது அதிகம். அங்கேயும் பயிர் மாற்றமும் எருவும்தான் கைகொடுக்கும். பாகலுக்கும் புடோலுக்கும் பழ ஈ வரும், பிஞ்சிலேயே காகிதப் பை கட்டினால் போதும், மாமி இருந்த இடத்தில் செய்யக்கூடிய வேலை. எந்த மருந்து அடித்தாலும் லேபிளில் இருக்கும் காத்திருப்பு நாள் முடியாமல் காய் பிடுங்கக் கூடாது. அந்தக் காயை முதலில் சாப்பிடுவது உங்கள் பிள்ளைகள்தான்.

50,000 ரூபாயில் பாதிக்கு மேல் எருவுக்கும் பந்தல் கம்புக்கும் கூரைக்கும் போகட்டும். விதைக்குப் பெரிய தொகை தேவைப்படாது. நாலில் ஒரு பங்கைத் தொடாமல் பெப்ரவரிக் கடைசி வரை வையுங்கள். மழை திரும்பி வந்தால் மறுபடி விதைக்கவும், வராவிட்டால் மோட்டருக்கு எண்ணெய் அடிக்கவும் அது வேண்டும். தூவல் நீர்ப்பாசனப் பெட்டி ஒன்றை யாராவது விற்க வந்தால் இந்த வருடம் வேண்டாம். உவர்த் தண்ணீரை இலையில் தெளிக்கிற கருவி உங்களுக்கு எதற்கு?

இடையில் அவசரமாக ஏதாவது கேட்க வேண்டுமென்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு அழையுங்கள். நாற்று முளைத்து எட்டாம் நாள் எப்படி நிற்கிறது என்றும், பரல் கணக்கு எவ்வளவு வந்தது என்றும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். மாசியில் போடும் மூன்றாவது பங்கில் வெண்டியே போதுமா, கௌபிக்கு மாற வேண்டுமா என்பதை அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.